காரில் புதிதாக ஓசை கேட்டால்: காரணத்தைத் தேடும் முறை

காரில் இதுவரை கேட்காத ஓசை ஒன்று எழுந்ததும் பெரும்பாலோர் முதலில் எழுப்பும் கேள்வி, "இது என்ன சத்தம்?" என்பதுதான். அந்தக் கேள்வியை முதலில் கேட்பதால் பயன் குறைவு. ஏனெனில் பழுதடைந்த சக்கர பேரிங்கும் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் உருளைத்தாங்கி) சீரற்றுத் தேய்ந்த டயரும் ஏறத்தாழ ஒரே குரலில்தான் உறுமும், எஞ்சின் எண்ணெய் குறைந்தாலும் புகைப்போக்கியின் இணைப்பில் கசிவு இருந்தாலும் அதே 'டிக் டிக்' ஒலிதான் கேட்கும். முதலில் கேட்க வேண்டியது, அந்த ஓசை எதோடு சேர்ந்து ஏறுகிறது, எதோடு சேர்ந்து இறங்குகிறது என்பதே. எஞ்சின் சுழற்சி, சக்கரத்தின் வேகம், பிரேக், ஸ்டியரிங், சாலையின் மேடுபள்ளம், வெப்பம் ஆகியவற்றுள் எதற்கு அது கட்டுப்படுகிறது என்று தெரிந்துவிட்டால், காரின் பெரும்பாலான பாகங்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

சிங்கப்பூரில் இந்தத் தெளிவுக்குத் தனிப் பயன் உண்டு. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உபியிலோ உள்ள பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனால், மெக்கானிக் அந்த வட்டாரத்துச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். காலையில் குளிர்ந்த எஞ்சினோடு எழும் ஓசையோ விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எழும் ஓசையோ அந்தச் சுற்றில் வெளிப்படாது. வெளிப்படாத ஓசைக்கு ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றத் தொடங்கினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாகத்தின் விலையும் கூலியும் உங்கள் கணக்கில்தான் ஏறும். மேலும், மெக்கானிக் மாண்டரினோ மலாயோ பேசுபவராக இருக்கலாம். நாம் வாயால் எழுப்பிக் காட்டும் 'லொட லொட'வும் 'கொர்ர்'ரும் அவருக்கு வேறு எதையோ உணர்த்தலாம். "எஞ்சின் சூடாகும்வரை மட்டும், இடப்பக்கம் திருப்பும்போது மட்டும், 30 கிலோமீட்டருக்குக் கீழே மட்டும்" என்னும் விவரமோ எந்த மொழியில் சொன்னாலும் பொருள் மாறாது.

ஆராயாமல் நிறுத்த வேண்டிய ஓசைகள்

சில ஓசைகளை ஓட்டிப் பார்த்து ஆராயக் கூடாது. பிரேக்கை மிதிக்கும்போது உலோகத்தோடு உலோகம் உரசும் 'கறகற' ஒலி விடாமல் கேட்டால், பிரேக் பேடின் உராய்வுப் பொருள் தீர்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அராவிக்கொண்டிருக்கக்கூடும். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து சுத்தியலால் தட்டுவது போன்ற கனத்த ஒலி எழுந்து, எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். அதன்பின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பழுதைப் பெரிதாக்கும். அண்மையில் டயர் மாற்றிய காரில், வேகத்தோடு கூடும் 'டொக் டொக்' ஒலியும் அதிர்வும் சேர்ந்து வந்தால், சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவர் வீங்கியிருந்தாலும் இதே போன்ற ஒலி வரும். அந்த டயரோடு தொடர்ந்து ஓட்டக் கூடாது. வெப்பநிலை முள் ஏறி, முன்புறத்திலிருந்து சீறலும் நீராவியும் வெளிப்பட்டால், ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறும்வரை திறக்கக் கூடாது.

விரைவுச்சாலையில் இவற்றுள் ஒன்று நேர்ந்தால், இயன்றால் சாலையோரத் தடத்துக்கு ஒதுங்கி, அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, பாதுகாப்பாக இறங்க முடிந்தால் தடுப்பு வேலிக்கு அப்பால் நின்றுகொள்ளுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் காரை அருகிலுள்ள நியமிக்கப்பட்ட நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுசெல்வது உங்கள் பொறுப்பு.

முதலில் காரைக் காலி செய்யுங்கள்

சொல்லக் கூச்சமாக இருந்தாலும், பட்டறைவரை போகும் கடகட ஓசைகளில் ஒரு பகுதி காரின் பழுதே அல்ல. கதவுப் பையில் கிடக்கும் குடை, கையுறைப் பெட்டியில் உருளும் சில்லறை, இருக்கைக்கு அடியில் நழுவிய தண்ணீர்ப் போத்தல், சரியாக இறுக்கப்படாத குழந்தை இருக்கை, பின்பெட்டியில் மாற்றுச் சக்கரத்தின் குழியில் தளர்ந்து கிடக்கும் ஜாக்கி, தூணில் தட்டும் பின்னிருக்கை வார்ப்பூட்டு, டாஷ்போர்டில் பசை விட்டுப்போன பிள்ளையார் சிலை ஆகிய எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எண் பலகையையும் கையால் அசைத்துப் பார்ப்பது நல்லது. இஆர்பி 2.0 (மின்னியல் சாலைக் கட்டணம்) கருவியைப் பொருத்திய பிறகு டாஷ்போர்டுப் பக்கம் அல்லது முன்பயணியின் கால்வைக்கும் பகுதியில் ஓசை தொடங்கியிருந்தால், அந்தக் கருவியின் கம்பிகளும் பிடிமானமும் தளர்வாக உள்ளனவா என்று பொருத்திய இடத்திலேயே பார்க்கச் சொல்லலாம்.

திறந்தவெளி நிறுத்துமிடத்தில் நண்பகல் வெயிலில் நின்ற காரில் பிளாஸ்டிக் பாகங்கள் விரிந்து ஒன்றோடொன்று உரசிக் கீச்சிடுவதும், அதே கார் நிலத்தடி நிறுத்துமிடத்தில் நின்ற நாளில் அமைதியாக இருப்பதும் இயல்பு. ஓட்டுபவர் அல்லாத ஒருவர் ஓசை வரும் பலகையை உள்ளங்கையால் அழுத்தும்போது ஓசை நின்றால் இடம் தெரிந்துவிடும். அங்கே மெல்லிய ஃபெல்ட் துணி நாடா ஒட்டினால் போதும்.

நின்ற நிலையில் செய்யும் சோதனை

கார் நகராமல் நிற்கும்போதும் ஓசை கேட்கிறதா என்பதே முதல் பெரும் பிரிவு. கேட்டால், சக்கரம், டயர், டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு), சஸ்பென்ஷன் (மேடுபள்ள அதிர்வைத் தாங்கும் அமைப்பு) ஆகியவற்றின் மேலான சந்தேகம் பெரும்பாலும் நீங்கும். எஞ்சினும் அதைச் சார்ந்து சுழலும் பாகங்களும் எஞ்சும். சிங்கப்பூரில் காரணமின்றி எஞ்சினை ஓடவிட்டுக் காரை நிறுத்திவைப்பது குற்றம் என்பதாலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடத்துக்கு மேலே குடியிருப்போர் இருப்பதாலும், இந்தச் சோதனையை ஓரிரு நிமிடங்களில் முடித்துவிட வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எஞ்சினை இயக்குங்கள்.

முதலில் குளிர்சாதனத்தை அணையுங்கள். நம் ஊரில் எஞ்சினும் குளிர்சாதனமும் ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே நிற்பதால், குளிர்சாதனம் இல்லாமல் தம் காரின் எஞ்சின் எப்படி ஒலிக்கும் என்பதையே பல ஓட்டுநர்கள் அறிந்திருப்பதில்லை. அணைத்ததும் ஓசை நின்றால் குளிர்சாதன வாயுவை அழுத்தும் கம்ப்ரசரையோ அதன் கிளட்ச்சையோ குளிர்விக்கும் விசிறியையோ சந்தேகிக்கலாம். காற்று வீசும் வேகத்தைக் கூட்டக் கூட்ட டாஷ்போர்டின் உள்ளே 'டக டக' என்று தட்டினால், பெரும்பாலும் புளோயர் விசிறியில் சருகு சிக்கியிருக்கும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் சிற்றிலைகள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று வாயில் வழியாக உள்ளே போவது இங்கே வழக்கம். திருப்பங்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் அலம்பும் ஒலி கேட்டால் குளிர்சாதனத்தின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். விட்டுவைத்தால் அந்தத் தண்ணீர் தரைவிரிப்பை நனைக்கும்.

அடுத்து, பார்க்கிங் நிலையில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 2,000 வரை ஏற்றி இறக்குங்கள். சுழற்சியோடு சீராக உயரும் ஊளை ஆல்டர்னேட்டர் (மின்சாரம் ஆக்கும் கருவி), தண்ணீர் பம்ப், பெல்ட்டைத் தாங்கும் கப்பிகள் ஆகியவற்றின் பேரிங்கிலிருந்து வரலாம். குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும் தகரம் அதிர்வது போல எழுந்து, சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ மறையும் ஓசை பெரும்பாலும் புகைப்போக்கியின் வெப்பத் தகட்டினுடையது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு அத்தகட்டை விரலால் தட்டினால் அதே ஓசை கேட்கும். ஓர் எஃகுப் பட்டையால் இறுக்கிக் கட்டினாலே சரியாகிவிடும் இந்தப் பழுதுக்காகப் புகைப்போக்கி முழுவதையும் மாற்ற யாரும் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, சூடேறச் சூடேறத் தேய்ந்து மறையும் 'டிக் டிக்' ஒலிக்கு, புகைப்போக்கி எஞ்சினோடு சேரும் இடத்தில் உள்ள கசிவு ஒரு காரணம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்வதால் ஓசை மறைகிறது. அந்தக் கசிவோடு காருக்குள் புகை வாடையும் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதில் வாடையில்லாத கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கும். சூடான பின்னும் மாறாத மெல்லிய தட்டலுக்கு முதல் வேலை, எண்ணெய் அளவுக் கோலை எடுத்துப் பார்ப்பதுதான். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, கோலைத் துடைத்து மீண்டும் விட்டு எடுத்தால் சரியான அளவு தெரியும். நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் புதிய எஞ்சின்களில் ஊசிகள் 'டிக டிக' என்று ஒலிப்பது அவற்றின் இயல்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழைக்காலக் காலையில் எஞ்சினை இயக்கியதும் 'கீச்'சென்று கத்திச் சற்று நேரத்தில் அடங்கும் ஒலி பெல்ட்டினுடையது. அதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு: தெளிப்புப் போத்தலால் ஓடும் பெல்ட்டின் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் சற்றே தண்ணீர் தெளித்ததும் ஓசை நின்று மீண்டும் வந்தால், கப்பிகளின் வரிசை பிசகியிருக்கலாம், தெளித்ததும் ஓசை கூடினால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. இதைச் செய்யும்போது துப்பட்டா, நீண்ட கூந்தல், கழுத்துச் சங்கிலி எதுவும் எஞ்சின் அறைக்குள் தொங்கக் கூடாது. கையையும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும். நம்பிக்கை இல்லையெனில் இந்த ஒரு சோதனையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, முன்னாலும் பின்னாலும் இடம் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றுங்கள். மாற்றும்போது 'டம்' என்று இடித்து, டிரைவில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் இருக்கையும் அதிர்ந்து, நியூட்ரலில் அந்த அதிர்வு குறைந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நிறுத்தி நிறுத்தி ஓடும் நகரப் போக்குவரத்தில், இந்த வெப்பத்தில், அந்த ரப்பர் தளர்வது வியப்பல்ல.

ஓடும்போது: எண்ணிக்கையே துப்பு

நகரும்போது மட்டும் கேட்கும் ஓசையை, எஞ்சினின் சுழற்சியோடு போகிறதா, சக்கரத்தின் சுழற்சியோடு போகிறதா என்று பிரிக்க வேண்டும். காரை நியூட்ரலில் உருளவிட்டுப் பார்க்கச் சொல்வோர் உண்டு. போக்குவரத்துள்ள சாலையில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதற்குப் பதிலாக, ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே கையால் கியர் மாற்றும் நிலைக்கோ 'எஸ்' அல்லது 'எல்' நிலைக்கோ மாற்றுங்கள். கார் அதே 60 கிலோமீட்டரில் போகும், எஞ்சின் சுழற்சி மட்டும் கூடும். ஓசையின் சுருதியும் கூடினால் அது எஞ்சின் பக்கம். மாறாமல் இருந்தால் அது சக்கரப் பக்கம். சிவிடி கியர்பெட்டி (படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாகக் கியர் மாறும் வகை) உள்ள கார்களில் மெல்லிய ஊளை இயல்பாகவே இருக்கும் என்பதால், ஓசை இருக்கிறதா என்பதைவிட, முன்பு இருந்ததைக் காட்டிலும் கூடியிருக்கிறதா என்பதே அங்கே பொருட்டு.

விட்டு விட்டுத் தட்டும் ஓசையாக இருந்தால் எண்ணிப் பாருங்கள். 205/55 ஆர்16 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 5 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் 2 விநாடிகளுக்கு ஏறத்தாழ 5 முறை சுற்றும். பக்கத்தில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணும்போது தட்டல் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால், அது சக்கரத்தோடு சுற்றும் ஒன்றிலிருந்து வருகிறது: டயரில் குத்திய ஆணி, பள்ளத்தில் சிக்கிய கல், வளைந்த டிஸ்க், டயரில் ஒரு வீக்கம் என்பன போல. மாறாக, நிமிடத்துக்கு 750 சுழற்சியில் ஓய்வாக ஓடும் எஞ்சினின் கிராங்க் தண்டு விநாடிக்கு 12 முறைக்கு மேல் சுற்றும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டு அதில் பாதி சுற்றும். இவற்றைக் காதால் எண்ண முடியாது. எண்ண முடிந்த வேகத்தில் தட்டும் ஓசை எஞ்சினின் உள்ளிருந்து வர வாய்ப்பு மிகக் குறைவு என்பதே இந்தக் கணக்கின் பயன். கிடைத்தது ஆணியானால், அதை நீங்களே பிடுங்காமல் டயர்க் கடைக்குப் போங்கள்.

பெரும்பாலோரைத் திகைக்கவைப்பது பேரிங்குக்கும் டயருக்கும் இடையிலான குழப்பம். இரண்டும் 50, 60 கிலோமீட்டரில் தொடங்கி வேகத்தோடு வளரும் உறுமல். இவற்றைப் பிரிக்கச் சாலையையே கருவியாகக் கொள்ளலாம். புதிதாகத் தார் போட்ட பகுதியிலிருந்து சொரசொரப்பான பழைய பகுதிக்கு நுழையும்போது ஓசையின் தன்மை சட்டென மாறினால் டயரைச் சந்தேகியுங்கள்; எந்தத் தளத்திலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கை நினைக்கலாம். பிறகு நீண்ட வளைவொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு விரைவுச்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வளைந்த இணைப்புப் பாதைகள் இதற்கு ஏற்றவை. கார் இடப்பக்கம் வளையும்போது எடை வலச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடி, வலப்பக்க வளைவில் குறைந்தால் வலப்பக்கப் பேரிங்கின் மேல் சந்தேகம் வலுக்கும். மறுதலையாகவும் கொள்க. இந்த விதி பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் அல்ல. பட்டறையில் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, மறுகையைச் சுருள்வில்லின் மேல் வைத்து அதிர்வை உணர்ந்து பார்த்த பிறகே பேரிங்கை மாற்ற ஒப்புக்கொள்ளுங்கள்.

டயரைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டுவிட்டு, டயரின் தரையில் படும் பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக இரு திசையிலும் ஓட்டுங்கள். கம்பி ஏதும் நீட்டிக்கொண்டில்லை என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண ஒழுங்கு) பிசகியிருக்கிறது. மேடும் குழியுமாக இருந்தால், துள்ளலைத் தணிக்கும் அப்சார்பர் சோர்ந்திருக்கலாம். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியபின் ஓசையும் இடம் மாறினால் வழக்கு முடிந்தது. டயரின் பள்ளம் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; இதையும் அந்த நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

அடுக்குமாடி நிறுத்துமிடமும் வேகத்தடையும்

சிங்கப்பூர்வாசிகளுக்கு வாய்த்த சோதனைக் களம் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம். சரிவுப் பாதையின் இருபுறச் சுவர்களும் ஓசையைத் திருப்பி அனுப்பும். கண்ணாடிகளை இறக்கி, வானொலியை அணைத்து, மெதுவாக ஏறினால் ஓசை இடமிருந்து வருகிறதா வலமிருந்து வருகிறதா என்பது திறந்த சாலையைவிட அங்கே நன்றாகத் தெரியும். பிறர் போக்குவரத்து இல்லாத நேரத்தில், மேல்தளத்தில், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்து வட்டமாக நகருங்கள். 'டக் டக் டக்' என்று அடுக்கடுக்காகச் சொடுக்கினால் டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனை மூட்டு தேய்ந்திருக்கிறது. சக்கரத்தை முழுதாகத் திருப்பிய நிலையில் இறங்கி, அதன் உட்புறத்தை விளக்கடித்துப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் ரிம்மில் சிதறியிருந்தால் ஐயமில்லை. சொடுக்கு இன்னும் தொடங்காமல் உறை மட்டும் கிழிந்திருந்தால், உடனே உறையை மாற்றி மூட்டைக் காப்பாற்றலாம். வழவழப்பாக வண்ணம் பூசிய தளத்தில் டயர்கள் கிறீச்சிடுவதை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். அந்தத் தளத்தில் எல்லாக் காரும் கிறீச்சிடும்.

நின்றபடியே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சுருள்வில் துள்ளுவது போல 'டொய்ங்' என்று ஒலித்தால், அப்சார்பரின் மேல்முனையிலுள்ள மவுண்டிங்கையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, எஞ்சின் அறையில் தெரியும் அந்த மேல்முனையில் விரலை வைத்தால் துள்ளல் நேரடியாக உணரப்படும். விசிறி எந்த நொடியிலும் சுழலத் தொடங்கலாம் என்பதால் கை அந்தப் பக்கம் போகக் கூடாது.

வேகத்தடைகளில் இடிக்கும் ஓசையைப் பொறுத்தவரை, தடையை எப்படிக் கடக்கும்போது இடிக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. நேராகக் கடந்தால் இரு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அப்போது இரு பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதோ சாய்வாகத் தடையில் ஏறும்போதோதான் அது முறுக்கப்படும். ஆகவே, நேராகக் கடக்கையில் அமைதியாகவும் ஒற்றைச் சக்கர மேடுபள்ளங்களில் 'லொட லொட'வென்றும் இருந்தால், அந்தக் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்க்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் பாகங்களில் அது விலை குறைந்தவற்றுள் ஒன்று. நேராகக் கடந்தாலும் கனமாக இடித்தால் அப்சார்பரும் அதன் மவுண்டிங்கும் சந்தேகத்துக்குரியவை. பிரேக் பிடித்து நிற்கும் நொடியிலும் புறப்படும் நொடியிலும் ஒரே ஒரு முறை 'டக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர்) தேய்ந்திருக்கக்கூடும். ஜோகூருக்குப் போய்த் திரும்பிய பிறகு, அங்கே ஆழமான குழியொன்றில் சக்கரம் இறங்கியது நினைவிருந்தால், அதையும் மெக்கானிக்கிடம் சொல்வது தேடலைச் சுருக்கும்.

பிரேக், எரிபொருள், காற்று

இரவு முழுதும் மழையில் நின்ற காரில் முதல் சில பிரேக்குகளில் கேட்கும் உரசல், டிஸ்க்கின் மேல் படிந்த துரு தேய்வதால் வருவது; சில நிறுத்தங்களில் அது மறைய வேண்டும். பல பேடுகளில், தேய்மானம் எல்லைக்கு வந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிட்டு எச்சரிப்பதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். அலாய் ரிம்மின் இடைவெளியில் விளக்கடித்தால் வெளிப்பக்கப் பேடின் தடிமன் தெரியும். உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பிரேக்கைத் தொடாமலே விடாது உரசும் ஓசை, டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையில் சிக்கிய சிறு கல்லாக இருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் பல சமயம் அது தானே விழுந்துவிடும்.

சரிவில் ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ மட்டும் எஞ்சினிலிருந்து கோலிக்குண்டுகள் உருளும் ஓசை கேட்டால், எந்தப் பெட்ரோல் ஊற்றினீர்கள் என்று பாருங்கள். இங்கே 92, 95, 98 என மூன்று தரங்கள் விற்கின்றன. 95 கேட்கும் எஞ்சினுக்கு 92 ஊற்றினால் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து இவ்வாறு ஒலிக்கலாம். எந்தத் தரம் வேண்டும் என்பது பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறத்திலோ கையேட்டிலோ இருக்கும். அடுத்த முறை சரியான தரத்தை நிரப்பியும் ஓசை தொடர்ந்தால் பட்டறைக்குப் போக வேண்டும்.

70, 80 கிலோமீட்டருக்கு மேல் மட்டும் எழும் ஊதல் காற்றினுடையதாக இருக்கலாம். சந்தேகத்துக்குரிய கதவின் விளிம்பு இடைவெளியைச் சுற்றி வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் காகித நாடாவை வெளியிலிருந்து ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் ரப்பர் விளிம்பில்தான் கோளாறு. முன்கண்ணாடியை மாற்றிய பின் தொடங்கிய ஊதலுக்கு, மாற்றிய கடையிடமே பொறுப்பு கேட்கலாம்.

பழுதல்லாதவை

எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி ஓடுவதும், புகைப்போக்கி ஆறும்போது 'டிங் டிங்' என்று சுருங்குவதும், குளிர்சாதனத்தை அணைத்ததும் உள்ளே 'உஸ்' என்று வாயு அடங்குவதும், புறப்பட்டுச் சில மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஒற்றை உறுமலும் இயல்பானவை. ஹைபிரிட் காரில் பின்னிருக்கைப் பக்கம் மின்கல விசிறி இரைவதும், மின்காரில் மின்னேற்றும்போது கம்ப்ரசரும் பம்புகளும் ஓடுவதும் அப்படியே. மின்காரில் குறைந்த வேகத்தில் கேட்கும் மெல்லிய இசை போன்ற ஒலி, பாதசாரிகளை எச்சரிப்பதற்காகவே ஸ்பீக்கர் எழுப்புவது. எஞ்சின் இரைச்சல் மறைக்காததால் மின்காரில் டயரும் காற்றும் சஸ்பென்ஷனும் பெரிதாகக் கேட்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பட்டறையில்

ஓசையைப் பதிவு செய்துகொண்டு போங்கள். ஆனால் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது குற்றம் என்பதால் பதிவை உடன் வருபவர்தான் செய்ய வேண்டும். பதிவின்போதே வேகத்தையும் எஞ்சின் சுழற்சியையும் அவர் வாயால் சொல்லிவருவது, பின்னர் அதைக் கேட்கும் மெக்கானிக்குப் பேருதவியாக இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் ஓசையானால், காரை முந்தைய மாலையே பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் நீங்கள் இருக்கும்போது இயக்கச் சொல்லுங்கள். "பேரிங்கை மாற்றுங்கள்" என்று பாகத்தின் பெயரைச் சொல்லி வேலை கொடுக்காதீர்கள். சொன்னபடி மாற்றிவிட்டு, ஓசை நிற்கவில்லை என்றால் நீங்கள் கேட்டதைத்தான் செய்தோம் என்பார்கள், அது நியாயமும்கூட. நிலைமையைச் சொல்லி, காரணத்தைக் கண்டுபிடிக்கக் கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுப்பதே சிக்கனம் என்பது என் கருத்து. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது உடன் செல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லி, அதை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாண்டுக்கு மேற்பட்ட கார் ஈராண்டுக்கு ஒருமுறையும் பத்தாண்டுக்கு மேற்பட்டது ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குப் போகிறது. அதில் தேறியதால் ஓசைக்குக் காரணமில்லை என்று பொருளாகாது. சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடியச் சில மாதங்களே உள்ள காரில் எல்லா ஓசையையும் துரத்த வேண்டியதில்லை. டாஷ்போர்டு கீச்சிடலையும் வெப்பத் தகட்டு அதிர்வையும் பொறுத்துக்கொள்ளலாம். பிரேக், டயர், பேரிங், ஸ்டியரிங், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றிலிருந்து வருபவற்றை மட்டும், சிஓஇ ஒரு மாதமே இருந்தாலும், விடக் கூடாது.

வேலை முடிந்ததும், ஓசை முன்பு எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில் கேட்டதோ அதே நிலைமையில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள்; பட்டறை வாசலில் அமைதியாக இருப்பது சான்றாகாது. சக்கரம் கழற்றப்பட்டிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்த்துத் தரும்படி பட்டறையிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.